அடுப்பின் மேல் படுத்திருந்த யெமேல்யா
வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், வீட்டுப் பரண்களில் கிடக்கும் மாஸ்கோ அச்சு ஆங்கிலச் சிறுவர் நூல்களை எடைக்குப் போட்டுவிட வேண்டாம் என்று இப்பகுதியில் நான்கு வரிகள் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிகளுக்கு மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் மதுரை நகருக்குள்ளிருந்தும் வந்து சேர்ந்த கடிதங்களைப் படித்த பிறகு, இம்மாதப் பகுதி முழுவதையும் அந்நூல்களுக்கே ஒதுக்குவதுதான் முறை என்று தோன்றியது.

கேள்வி: ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரஷ்ய நாட்டுப்புறக் கதை ஒன்றை ஆங்கில நூலிலிருந்து வாசித்துக் காட்டினேன். யெமேல்யா என்னும் சோம்பேறி இளைஞன் எப்போதும் அடுப்பின் மேல் படுத்திருந்தான் என்று அதில் வருகிறது. "சுடாதா டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. இது அச்சுப் பிழையா? (ஆசிரியை, மேலூர்)

பதில்: அச்சுப் பிழை இல்லை, அம்மா. யெமேல்யா உண்மையிலேயே அடுப்பின் மேல்தான் படுத்திருந்தான். ரஷ்யக் கிராமத்து வீட்டின் அடுப்பு, செங்கல்லும் களிமண்ணும் கொண்டு கட்டப்பட்டு, வீட்டின் கணிசமான பகுதியை அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு பெரிய மேடை. விறகு அதன் வயிற்றுக்குள் எரியும். ரொட்டி சுடுவதும் கஞ்சி காய்ச்சுவதும் அங்கேதான். தீ அணைந்த பின்னும் அந்தக் கனத்த சுவர் பல மணி நேரம் வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதன் உச்சியில் கட்டப்பட்ட தட்டையான மேடைதான், பனிக்காலத்தில் வீட்டிலேயே மிகக் கதகதப்பான படுக்கை. பெரும்பாலும் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உரிய இடம் அது. உடம்பில் வலுவுள்ள ஓர் இளைஞன் அங்கே ஏறிப் படுத்துக்கொண்டு இறங்க மறுக்கிறான் என்றால், அவனுடைய சோம்பல் முழுவதும் ரஷ்யப் பிள்ளைக்கு அந்த ஒரே வரியில் விளங்கிவிடும்.

ஆங்கில மொழிபெயர்ப்பாளர் போட்ட 'ஸ்டவ்' என்ற சொல்லில் குற்றம் இல்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் பிள்ளையின் கண்முன் வருவது இரண்டு பர்னர் வைத்த எரிவாயு அடுப்பு. ஆகவே கதையைத் தொடங்கும் முன் கரும்பலகையில் அந்த அடுப்பை வரைந்து காட்டிவிடுங்கள். கோடை வெயிலுக்கு மொட்டை மாடியில் படுத்துப் பழகிய நம் பிள்ளைகளுக்கு, பருவத்துக்கு ஏற்பப் படுக்கும் இடம் மாறும் என்பதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

அதே கதையில், பனி உறைந்த ஆற்றில் வெட்டிய துளையில் தண்ணீர் மொள்ளும்போது யெமேல்யாவின் வாளியில் அகப்படும் மீனை ஆங்கில நூல்கள் 'பைக்' என்கின்றன. அது மற்ற மீன்களை வேட்டையாடித் தின்னும் நன்னீர் மீன். உங்கள் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் நான் அதை விரால் என்றுதான் சொல்வேன். அறிவியல்படி இரண்டும் வேறு இனங்கள். ஆனாலும் கைக்கு அகப்படாமல் நழுவும் வலிமையான மீன் என்ற எண்ணம் அந்தச் சொல்லில் இருக்கிறது. அந்த மீன் கற்றுக்கொடுக்கும் மந்திரம் ரஷ்ய மொழியில் ஈற்றில் ஒலி இயையும் இரண்டு சிறு தொடர்கள். ஆங்கிலத்தில் அது பல நூல்களில் உரைநடையாகவே நின்றுவிடுகிறது. "விரால் சொன்ன சொல்லாலே, நான் நினைத்த நினைப்பாலே" என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் உங்களோடு சேர்ந்து சொல்வார்கள்.

கேள்வி: என் பேத்திக்கு ஆங்கிலம் இன்னும் வரவில்லை. ரஷ்யக் கதைகளின் ஆங்கில நூல்களை நான் படித்து, அவளுக்குத் தமிழில் சொல்கிறேன். மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பாகிவிடுகிறதே, இதில் எவ்வளவு கெட்டுப்போகும்? எதில் கவனமாக இருக்க வேண்டும்? (ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், திருமங்கலம்)

பதில்: இம்மாதக் கடிதங்களில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது உங்கள் கடிதம்தான், ஐயா. இரண்டு முறை மொழி மாறினால் இரண்டு மடங்கு இழப்பு என்று நாம் இயல்பாக நினைக்கிறோம். பல இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் ரஷ்யக் கதைகளைப் பொறுத்தவரை, ஆங்கிலத்துக்குள் நுழைய முடியாமல் வாசலில் நின்றுவிட்ட சில செய்திகளைத் தமிழ் மீண்டும் வீட்டுக்குள் அழைத்து வந்துவிட முடியும். ஏனென்றால் அவ்விடங்களில் ரஷ்ய மொழி ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு அருகில் நிற்கிறது.

முதலில் நீ, நீங்கள். ரஷ்ய மொழியில் 'தீ' என்றால் நீ. 'வீ' என்றால் நீங்கள். ஆங்கிலத்தில் இரண்டும் 'யூ' ஆகிவிடும். நாட்டுப்புறக் கதைகளில் குடியானவன் அரசனிடம் பேசும்போதும் 'தீ' என்றே பேசுகிறான். ஆங்கில நூலை மட்டும் பார்த்துத் தமிழில் சொல்பவர், அரசன் ஆயிற்றே என்று 'நீங்கள்' போட்டுவிடுவார். அந்தக் குடியானவனின் நிமிர்ந்த பேச்சு அப்போதே போய்விடும். மீனாட்சியையே 'நீ' என்று கூப்பிட்டு முறையிடுகிற ஊரில் இருக்கும் நமக்கு, அரசனை நீ என்று அழைக்கும் கதை அந்நியமாக இருக்காது. பிற்காலப் பள்ளிக்கூடக் கதைகளில் நிலைமை வேறு. அங்கே பிள்ளைகள் ஆசிரியரை 'வீ' என்றே அழைக்கிறார்கள். தாயையும் தந்தையையும் 'தீ' என்கிறார்கள். நம் பக்கத்து வீடுகள் பலவற்றில் அம்மாவை நீ என்றும் அப்பாவை நீங்கள் என்றும் அழைப்பது வழக்கமாதலால், தந்தையும் மகனும் பேசும் இடங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் ரஷ்ய வழியையே பின்பற்றுவேன். அந்தத் தந்தையர் மகனோடு தோழனைப்போல் பழகுபவர்கள் என்பது அதில்தான் தெரியும்.

அடுத்து உறவுச் சொற்கள். முன்பின் தெரியாத முதியவளை 'பாபுஷ்கா' என்றும் முதியவரை 'தேதுஷ்கா' என்றும், வழியில் பார்க்கும் மற்றப் பெரியவர்களை மாமா, அத்தை என்பதற்கு இணையான சொற்களாலும் ரஷ்யப் பிள்ளைகள் அழைப்பது இயல்பு. ஆங்கிலத்தில் இதை அப்படியே எழுதினால், அவர் உண்மையிலேயே சொந்தக்காரரோ என்ற மயக்கம் வரும்; அதனால் மொழிபெயர்ப்பாளர்கள் சில இடங்களில் விட்டுவிடுகிறார்கள். தமிழில் அந்த மயக்கமே கிடையாது. ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. பாபுஷ்கா என்பவள் தந்தையின் தாயா, தாயின் தாயா என்பதை ரஷ்யச் சொல்லும் சொல்லாது, ஆங்கிலச் சொல்லும் சொல்லாது. மதுரைப் பக்கத்தில் அவள் அப்பத்தாவாகவோ அம்மாச்சியாகவோ இருந்தாக வேண்டும். கதையில் துப்பு இல்லாத இடத்தில், பேத்தியின் ஆசைக்காக அவளை அப்பத்தா ஆக்கிவிடாமல், பொதுவாகப் பாட்டி என்று சொல்லிவிடுவதே நேர்மை.

மூன்றாவது, ஓசை. கிழவர் நட்ட கிழங்கு பெரிதாகி விளைந்து, பிடுங்க முடியாமல் ஒவ்வொருவராக வந்து பிடித்து இழுக்கும் கதை உங்கள் நூலிலும் இருக்கக்கூடும். ரஷ்ய மொழியில் தேத்கா, பாப்கா, வ்னூச்கா, ஷூச்கா, கோஷ்கா, மீஷ்கா என்று கிழவர், கிழவி, பேத்தி, நாய், பூனை, எலி ஆகிய அறுவரும், பிடுங்கப்படும் 'ரேப்கா'வும், ஒரே 'கா' ஒலியில் முடிகிறார்கள். அந்தக் கதை குழந்தையின் காதில் தங்குவதற்குக் காரணமே அதுதான். ஆங்கிலத்தில் அந்த ஒலிச் சங்கிலி அறுந்துபோய், ஆட்களின் வரிசை மட்டும் எஞ்சுகிறது. தமிழில் ஈற்று ஒலி கிடைக்காவிட்டாலும் நமக்கு மோனை இருக்கிறது: "தாத்தாவைப் பாட்டி பிடித்தாள், பாட்டியைப் பேத்தி பிடித்தாள்" என்று தொடங்கினால் பாட்டி, பேத்தி, பூனை, பிடி எல்லாம் பகரத்தில் தாமாகவே வந்து சேர்ந்துகொள்கின்றன. கிழங்குக்கு நான் முள்ளங்கி என்றே சொல்வேன். அசல் கிழங்கு உருண்டையானது, முள்ளங்கி நீண்டது என்பது சரிதான். ஆனால் இலையைப் பிடித்து இழுத்துப் பிடுங்கும் செயல் முள்ளங்கிக்குப் பொருந்துகிறது. உருண்டையாக இருக்கிறதே என்று சேனைக்கிழங்கு போட்டால் மண்வெட்டி எடுத்துத் தோண்ட வேண்டியதாகிவிடும், கதை அங்கேயே நின்றுவிடும்.

'கலபோக்' கதையிலும் இதே சிக்கல் உண்டு. மாவுப் பெட்டியைச் சுரண்டியெடுத்த மாவில், புளித்த பாலேட்டைச் சேர்த்துப் பிசைந்து, வெண்ணெயில் பொரித்து, சன்னலில் ஆற வைத்த உருண்டைப் பண்டம் உருண்டோடிப்போய், முயலையும் ஓநாயையும் கரடியையும் பாட்டுப் பாடி ஏமாற்றி, கடைசியில் நரியிடம் மாட்டிக்கொள்கிறது. ஆங்கில நூல்கள் இதைப் 'பன்' என்று எழுதுவதுண்டு. நம் பிள்ளைக்குப் பன் என்றால் தேநீர்க் கடைக் கண்ணாடிப் புட்டியில் இருப்பது. உருண்டையாகவும் நெய்யில் வெந்ததாகவும் வீட்டுப் பாட்டி கையால் சுட்டதாகவும் இருப்பது பணியாரம். பணியாரம் உருண்டு ஓடினால் எந்தப் பிள்ளையும் ஏன் என்று கேட்காது.

"முப்பத்தொன்பது"போல ஒலிக்கும் ஒரு கணக்கு கதைத் தொடக்கங்களில் வந்து உங்களைக் குழப்பலாம். அது உண்மையில் மூவொன்பது நாடுகள் தாண்டி, முப்பதாவது இராச்சியத்தில் என்பது. அதற்கு நேரான நம் வழக்கு ஏழு கடல், ஏழு மலை தாண்டி என்பதே.

கேள்வி: ஒரே சிறுவனை ஒரு பக்கத்தில் மிகயீல் என்கிறார்கள், அடுத்த பக்கத்தில் மீஷா என்கிறார்கள். இது இரண்டு பேரா? (ஏழாம் வகுப்பு மாணவர், வாடிப்பட்டி)

பதில்: ஒருவன்தான், தம்பி. சுப்பிரமணியன் வீட்டில் சுப்பு ஆவதுபோல மிகயீல் மீஷா ஆகிறான். இவான் வான்யா, நிக்கலாய் கோல்யா, மரீயா மாஷா. சாஷா என்று வந்தால் மட்டும் கவனம் வேண்டும்: அலெக்சாந்தர் என்ற பையனும் சாஷாதான், அலெக்சாந்திரா என்ற பெண்ணும் சாஷாதான். பெரியவர்களை மரியாதையாக அழைக்கும்போது சொந்தப் பெயரோடு தந்தையின் பெயரையும் சேர்ப்பார்கள். நாம் தந்தை பெயரின் முதல் எழுத்தை முன்னால் போடுகிறோம், அவர்கள் முழுப் பெயரையே பின்னால் போடுகிறார்கள்.

கேள்வி: நிக்கலாய் நோசவ் எழுதிய 'டன்னோ' கதையின் ஆங்கில நூலில் எல்லாப் பெயர்களும் ஆங்கிலமாகவே இருக்கின்றன. பெயர்களை மாற்ற மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை உண்டா? (ஆங்கில இலக்கிய மாணவி, மதுரை)

பதில்: இக்கதையில் உரிமை மட்டும் அல்ல, கடமையும் உண்டு. நோசவின் குட்டி மனிதர்கள் அனைவருக்கும் அவரவர் குணமோ தொழிலோதான் பெயர். நாயகன் பெயர் நெஸ்னாய்கா. எதைக் கேட்டாலும் 'தெரியாது' என்பவன். அதை 'டன்னோ' என்று ஆக்கியவர் மார்கரெட் வெட்லின். எல்லாம் தெரிந்தவனான ஸ்னாய்காவை 'டூநோ' என்றும், மருத்துவர் பில்யூல்கினை 'பில்மேன்' என்றும், திருகாணியின் பெயர் கொண்ட வின்டிக்கையும் அவனுடைய கூட்டாளி ஷ்பூந்திக்கையும் 'பெண்டம், ட்விஸ்டம்' என்றும் அவர் மாற்றியிருக்கிறார். டன்னோ, டூநோ என்ற இணையின் ஒலிப்பொருத்தத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நெஸ்னாய்கா, ஸ்னாய்கா என்ற மூல இணைக்கு இதைவிட நெருக்கமாக வர இயலாது என்றே நான் கருதுகிறேன்.

அந்த வெட்லின் யார் என்பதையும் உங்களைப் போன்ற இலக்கிய மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் பிறந்து, 1932-ல் சோவியத் நாட்டைப் பார்த்துவரச் சென்றவர், அங்கேயே மணந்து, ஏறக்குறைய 50 ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு 1980-ல் தாயகம் திரும்பினார். ரஷ்யாவின் தெருவையும் சமையலறையையும் அறிந்த, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரின் கை அந்நூல்களில் இருக்கிறது. நாம் மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பார்க்காமலே பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம் என்பது எனக்குப் பல ஆண்டுகளாக இருந்துவரும் வருத்தம்.

பெயரை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா என்பதற்கு ஒரே விதி கிடையாது. சிறுவர் கவிஞர் கர்னேய் சுகோவ்ஸ்கி படைத்த விலங்கு மருத்துவரின் 'அய்பலீத்' என்ற பெயர், 'ஐயோ, வலிக்கிறது' என்ற கூவலேதான். ரிச்சர்ட் கோ அவரை ஆங்கிலத்தில் 'டாக்டர் கன்காக்டர்' ஆக்கினார். மருந்து கலப்பவர் என்ற பொருள் கிடைத்தது, நோயாளியின் கூவல் போய்விட்டது. தமிழில் 'ஐயோவலி டாக்டர்' என்றால் இரண்டுமே மிஞ்சும். உங்கள் தலைமுறையில் யாராவது செய்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கேள்வி: இவை எல்லாம் ஒரு அரசு தன் கொள்கையைப் பரப்புவதற்காக மலிவு விலையில் அனுப்பியவைதானே? குழந்தைகளுக்குக் கொடுப்பது சரியா? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: அரசு பணம் செலவிட்டு அச்சிட்டு அனுப்பியது என்பது உண்மை. அதை மறைத்துப் பேசக் கூடாது. சில நூல்களில் கொள்கை நேராகவே பேசுகிறது. அவற்றைப் படிக்கும் பிள்ளையோடு பெரியவரும் உட்கார்ந்து பேச வேண்டும். ஆனால் அந்த எழுத்தாளர்கள் எல்லாரும் அரசின் சொல்லை அப்படியே எழுதிக் கொடுத்தவர்கள் என்று நினைத்தால் அவர்களுக்கு நாம் பெரிய அநீதி செய்தவர்கள் ஆவோம். சுகோவ்ஸ்கியின் 'முதலை' என்ற கதைப்பாட்டை 1928-ல் 'பிராவ்தா' நாளிதழில் கடுமையாகத் தாக்கி எழுதியவர் லெனினின் மனைவி குரூப்ஸ்கயா. மாக்சிம் கார்க்கி சுகோவ்ஸ்கியின் சார்பில் பதில் எழுத வேண்டியிருந்தது. முதலை தெருவில் நடந்து போவதாகப் பாடியதற்கே அந்தப் பாடு. கவிஞர் தானியேல் கார்ம்ஸ், பெரியவர்களுக்காக எழுதியதை வெளியிட வழியில்லாமல், சிறுவர் இதழ்களில் எழுதிப் பிழைத்தவர். இருமுறை கைதாகி, 1942-ல் முற்றுகையிடப்பட்ட லெனின்கிராதில் சிறையிலேயே இறந்தார். குழந்தைகளுக்கான பகுதி அந்நாட்டில் பல கவிஞர்களுக்கு ஒதுங்க இடம் கொடுத்தது. அதனால்தான் அந்த எழுத்தில் இவ்வளவு உயர்ந்த கைகளைக் காண்கிறோம். முயலும் கரடியும் மறதிக்காரச் சிறுவனும் வரும் நூல்களை நான் எந்தத் தயக்கமும் இன்றிக் கொடுப்பேன்.

கேள்வி: இறந்துபோன என் தந்தையின் தகரப் பெட்டியில் இருபதுக்கும் மேற்பட்ட ஆங்கிலச் சிறுவர் நூல்கள் உள்ளன. சிலவற்றில் ஆண்டே இல்லை. எப்போது அச்சானவை என்று கண்டுபிடிக்க முடியுமா? (வாசகி, மதுரை)

பதில்: முடியும், அம்மா. பதிப்பகத்தின் பெயரைப் பாருங்கள். 'அயல்மொழிப் பதிப்பகம், மாஸ்கோ' என்று ஆங்கிலத்தில் இருந்தால், அது 1960-களின் தொடக்கத்துக்குப் பிந்தியது அல்ல. ஆண்டு அச்சிடப்படாதவை பெரும்பாலும் இவைதான். அதன்பின் அந்த நிறுவனமே 'முன்னேற்றப் பதிப்பகம்' (புரோகிரஸ்) ஆயிற்று. அறிவியல் நூல்களுக்கு மீர் பதிப்பகம் தனியாக வந்தது. யாக்கவ் பெரெல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரோடுதான் அறிமுகம். 'ராதுகா' என்று இருந்தால் அது 1982-லோ அதற்குப் பின்போ வந்தது. 1982-ல் இலக்கியத்துக்கும் சிறுவர் நூல்களுக்கும் என்று தனியாகப் பிரிந்த பதிப்பகம் அது. ராதுகா என்றால் வானவில். கடைசிப் பக்கத்தில், நூலின் மொழிபெயர்ப்பைப் பற்றியும் அமைப்பைப் பற்றியும் உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று மாஸ்கோவின் சூபவ்ஸ்கி புல்வார் முகவரியோடு ஒரு வேண்டுகோள் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த முகவரிக்குச் சிறுவயதில் நானும் ஓர் அஞ்சலட்டை எழுதினேன். நாட்டுக்குள் செல்லும் அஞ்சலட்டை வெளிநாட்டுக்குப் போகாது என்று அஞ்சலக எழுத்தர் பொறுமையாக எடுத்துச் சொல்லி அனுப்பினார்.

1991-ல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அந்த வரத்து நின்றுவிட்டது. ஆகவே உங்கள் பெட்டியில் இருப்பவை மீண்டும் அதே வடிவில் வரப்போவதில்லை. கரையான் மருந்தைத் தாள்மேல் தூவிவிடாதீர்கள். நிழலில் காற்றாட விரித்து வைத்துவிட்டு, தகரப் பெட்டியிலிருந்து மர அலமாரிக்கு மாற்றுங்கள்.

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு முதலில் எந்த நூலைக் கொடுப்பது? மதுரையில் எங்கே கிடைக்கும்? (தந்தை, ஆனையூர்)

பதில்: அலெக்சாந்தர் ரஸ்கின் எழுதிய 'அப்பா சிறுவனாக இருந்தபோது' என்ற நூலை முதலில் கொடுங்கள். காதுவலியால் அழுத தன் மகள் சாஷாவுக்கு ஆறுதலாக, தான் சிறுவனாக இருந்தபோது செய்த அசட்டுத்தனங்களையும் பட்ட அவமானங்களையும் ஒரு தந்தை சொன்னவை அக்கதைகள். பெரியவனானதும் என்ன ஆவாய் என்று கேட்டதற்கு அந்தச் சிறுவன் இரவுக் காவலர் என்கிறான், ஐஸ்கிரீம் விற்பவர் என்கிறான், இன்னும் எதை எதையோ சொல்லிக் கடைசியில் நாய் ஆகப் போகிறேன் என்கிறான். பைனா கிளாகலேவாவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வாக்கியங்கள் சிறியவை. லெவ் தக்மாகவின் ஓவியங்களே பாதிப் பொருளைச் சொல்லிவிடும். தமிழில் நா. முகம்மது செரீபு மொழிபெயர்த்திருக்கிறார். அடுத்ததாக விக்தர் திராகூன்ஸ்கியின் தெனீஸ் கதைகள்.

தமிழ் நூலை மதுரையின் என்.சி.பி.எச். (நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்) கடையிலும், தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும் நாட்களில் சிறுவர் நூல் அரங்குகளிலும் கேளுங்கள். 2023-ல் திறக்கப்பட்ட புதுநத்தம் சாலைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதிக்கும் மகனை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். பழைய ஆங்கிலப் பதிப்புகளுக்குப் பழைய புத்தகக் கடைகளைத்தான் தேட வேண்டும். கிடைக்காவிட்டால், அறிவியல் பொம்மைகளால் நாடறிந்த அரவிந்த் குப்தாவின் இணையதளத்தில் சோவியத் சிறுவர் நூல்கள் ஏராளமாகப் படியெடுத்து வைக்கப்பட்டுள்ளன. கைப்பேசியில் படிக்கக் கொடுக்காமல், தேவையான இரண்டு கதைகளை மட்டும் தாளில் அச்செடுத்து, தமிழ் நூலின் அதே பக்கங்களுக்குள் செருகிக் கொடுங்கள். தமிழில் ஒரு கதை, உடனே அதே கதை ஆங்கிலத்தில் என்று வாசித்தால், அகராதி இல்லாமலே அவன் ஆங்கிலத்துக்குள் நுழைந்துவிடுவான்.